பாதிவழியில் நிற்கும் பழைய காருக்கு ஒரு சோதனைப் பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோய், எவ்வளவு முயன்றாலும் கிளம்பாமல், அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடுகிற பழைய கார்களுக்கென்றே செய்யப்பட்டது என்று சொல்லி விற்கப்படும் சோதனைப் பெட்டி ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திவருகிறேன். ஒரே பெட்டி பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரைக் குறிப்பிடுவதில் பயனில்லை. உள்ளே இருப்பவைதாம் முக்கியம். பிளக் வயருக்கு நடுவே செருகும் நியான் விளக்கு ஒன்று, இடைவெளியைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று, 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்று, டி-இணைப்புடன் கூடிய குறைந்த அழுத்தப் பெட்ரோல் கேஜ் ஒன்று, இவற்றோடு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று. இந்த நான்கு கருவிகளில் இரண்டு என் காரை மீட்டுத் தந்தன. ஒன்று எப்போதாவது கை கொடுக்கிறது. மற்றொன்று என்னைப் பல வாரங்கள் தவறான பாதையில் நடக்க வைத்தது. ஏமாற்றிய கருவியே பெட்டியின் மூடியில் பெரிதாகப் படம் போடப்பட்டிருக்கும் கருவி என்பதால்தான் இந்த மதிப்பீட்டைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

என் கார் 1960-களில் செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர், பாயின்ட்டும் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) கன்டென்சரும் (பாயின்ட் திறக்கும்போது அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ளும் சிறு உருளை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்தனுப்பும் பாகம்), எஞ்சினின் கேம் தண்டால் இயங்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் என எல்லாம் அக்காலத்து அமைப்பு. குளிர்ந்த நிலையில் முதல் சுழற்சியிலேயே கிளம்பிவிடும். முப்பது அல்லது நாற்பது நிமிடம் ஓடிய பிறகு, பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துத் திரும்பும் இடத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடும். செல்ஃப் நன்றாகச் சுழலும், பேட்டரியில் குறை இருக்காது, ஆனால் எஞ்சின் பிடிக்காது. பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் அரைமணியில் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினாலோ, வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் மறைந்துபோகும் பல்வலியைப் போல, எந்தக் குறையையும் காட்டாது.

பார்த்தவர்கள் அனைவரும் ஒரே குரலில் வேப்பர் லாக் என்றார்கள். அது பொருளற்ற ஊகமும் அன்று. பெட்ரோல் பல்வேறு கொதிநிலை கொண்ட பொருள்களின் கலவை. அவற்றுள் லேசானவை 35 அல்லது 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். எஞ்சினின் உடலிலேயே பொருத்தப்பட்ட பம்புக்குள்ளும், எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டிச் செல்லும் பெட்ரோல் குழாய்க்குள்ளும் ஆவி நிறைந்துவிட்டால், திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்ட பம்ப் ஆவியை அழுத்திக்கொண்டிருக்குமே தவிர, கார்புரேட்டருக்கு எதுவும் போய்ச் சேராது. ஆகவே பம்பை மாற்றினேன், குழாய்க்கு வெப்பத்தடுப்பு உறை சுற்றினேன், ஃபில்டரைப் புதிதாகப் போட்டேன், கார்புரேட்டருக்குக் கீழே தடித்த கேஸ்கெட் வைத்தேன். நின்ற இடத்தில் பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் கார் கிளம்பியதால் ஊகம் சரி என்றே நம்பினேன். துணியை நனைத்துப் போட்டு, சற்று ஆறட்டும் என்று நின்று, மீண்டும் செல்ஃப் அடிப்பதற்குள் இருபது இருபத்தைந்து நிமிடம் கழிந்துவிடும் என்பதும், அந்த நேரத்தில் எஞ்சினின் ஒவ்வொரு பாகமும் ஆறியிருக்கும் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும் எந்த வைத்தியமும் இந்த நோயைத் தீர்த்ததுபோலவே தோன்றும்.

இதனால் இத்தகைய பெட்டியை மதிப்பிட ஒரே அளவுகோல்தான் பொருந்தும் என்று கருதுகிறேன். கார் நின்ற நொடிக்கும் அது தானாகச் சரியாகும் நேரத்துக்கும் இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில், கோளாறு மின்பக்கமா பெட்ரோல் பக்கமா என்பதை ஐயத்துக்கு இடமின்றிப் பிரித்துக் காட்ட வேண்டும். காருக்குள்ளேயே இருக்க வேண்டும், சுடும் எஞ்சினில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும், ஒருவரே நின்று சோதிக்க வழி இருக்க வேண்டும். ஆறிய எஞ்சினில் பட்டறை வெளிச்சத்தில் எத்தனை துல்லியமாக அளந்தாலும் இந்தக் கோளாற்றைப் பொறுத்தவரை அது வீண் வேலை.

டெஸ்ட் லாம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெட்டியில் மிக எளிய பொருளும் மிகச் சிறந்த பொருளும் அதுவே. ஒரு முனையில் கூர்முனைப் பிடி, மறுமுனையில் முதலைக் கிளிப், நடுவே ஒரு சிறு பல்பு. இங்கே தயாரிப்பாளர் செய்த சரியான முடிவு, எல்இடி வைக்காமல் இழை பல்பையே வைத்ததாகும். எல்இடி ஒளிர மிகச் சிறிதளவு மின்னோட்டமே போதும் என்பதால், துருப்பிடித்த இணைப்பின் வழியே கசிந்து வரும் கரண்டிலும் அது பளிச்சென்று எரிந்து, எல்லாம் நலம் என்று பொய் சொல்லும். இழை பல்பு கரண்டைக் கேட்டு வாங்கும். இணைப்பு வலுவற்றதாக இருந்தால் மங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த விளக்கால் இரண்டு கேள்விகளுக்கு ஒரு நிமிடத்துக்குள் விடை கிடைக்கிறது. கிளிப்பை எர்த்தில் மாட்டி, சாவியைப் போட்டு, பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்குத் தேவையான உயர் வோல்டேஜாக மாற்றும் காயிலின் பிளஸ் முனையைத் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் கோளாறு சாவிச் சுவிட்சிலோ, அங்கிருந்து வரும் வயரிலோ, இணைப்பிலோதான். அடுத்து மைனஸ் முனையைத் தொட்டுக்கொண்டு செல்ஃப் அடித்தால் விளக்கு சிமிட்ட வேண்டும். பாயின்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது அதற்குப் போகும் வயர் துண்டாகியிருக்கிறது. எரியவே இல்லை என்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது மைனஸ் பக்கம் எங்கோ எர்த் ஆகிவிட்டது. ஷார்ட் ஆன கன்டென்சரும் இப்படித்தான் காட்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டை வெளி இணைப்போடு சேர்க்கும் சிறிய நெளிவயர் ஒன்று உண்டு. பொறி வரும் நேரத்தை முன்பின்னாக மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் தட்டு அசையும்போதெல்லாம் அதுவும் அசைந்து, பல ஆண்டுகளுக்குப் பின் மேலுறை முழுதாக இருக்க உள்ளே இழைகள் அறுந்துபோகும். கண்ணுக்கு நல்ல வயராகத் தெரியும் அதை இந்த விளக்கு அன்றிக் கண்டுபிடிப்பது கடினம். குறை என்று சொல்வதானால், கிளிப்பின் வயர் நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. காயிலைத் தொட்டுக்கொண்டே உள்ளே சாவியைத் திருகுவதற்கு இன்னோர் ஆள் வேண்டும். நான் வயரை நீட்டி, மைனஸ் முனைக்கு ஒரு கிளிப் போட்டு, விளக்கை முன்கண்ணாடிக்கு அருகே வைத்துக்கொள்ளும்படி மாற்றிக்கொண்டேன்.

இனி நியான் விளக்கு. பிளக்கின் தொப்பியைக் கழற்றி, நடுவே இதைச் செருகி, எஞ்சினைச் சுழற்றினால் ஒளிர்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒளிர்ந்தால் ஸ்பார்க் வருகிறது, கோளாறு பெட்ரோல் பக்கத்தில் இருக்கிறது என்று கையேடு உறுதியாகச் சொல்கிறது. பெட்டி வாங்கியபின் என் கார் முதன்முறை நின்றபோது மாட்டிப் பார்த்தேன், அழகாகச் சிமிட்டியது. பம்பை இரண்டாம் முறையும் கழற்றியது அதன் விளைவுதான்.

நியான் பல்பு ஒளிர நூறு வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். பிளக்கின் முனைகளுக்கு இடையே, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை ஊடுருவித் தீப்பொறி தாவ ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த விளக்கு காட்டவே காட்டாது. இன்னும் மோசமானது மற்றொன்று. எஞ்சின் பிடிக்காமல் பலமுறை செல்ஃப் அடித்தால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து கரியும் ஒட்டியிருக்கும்; அப்போது கரண்ட் இடைவெளியைத் தாவாமல் கரிப்படலத்தின் வழியே கசிந்து எர்த்துக்குப் போய்விடும். பொறி ஒன்றுமே இல்லை, ஆனால் வயரில் கரண்ட் ஓடுவதால் நியான் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். நான் பார்த்ததும் இதுவாகவே இருக்க வேண்டும், ஏனெனில் பிறகு பிளக்கைக் கழற்றியபோது அது ஈரமாக இருந்தது. ஈரமான பிளக் என்பதே பெட்ரோல் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று. வேப்பர் லாக் என்ற முடிவை அது ஒன்றே தள்ளுபடி செய்திருக்க வேண்டும். பளபளக்கும் விளக்கைப் பார்த்த கண் கையில் இருந்த ஈரப் பிளக்கைப் பார்க்கத் தவறியது என் பிழைதான் என்றாலும், அந்தப் பிழைக்குக் கையேடும் துணைநின்றது. நியான் அணைந்தே கிடந்தால் அந்த வயரில் ஒன்றும் வரவில்லை என்று நம்பலாம். ஒளிர்ந்தால் எதையும் நம்ப முடியாது.

இடைவெளி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாதது. இரண்டு கூர்முனைகள், ஒன்றைத் திருகினால் மற்றொன்றிலிருந்து விலகும், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல், எர்த்துக்கு ஒரு கிளிப். நியானுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது பொறி வருகிறதா என்று கேட்பதில்லை, எவ்வளவு தூரம் தாவுகிறது என்று கேட்கிறது. திறந்த காற்றில் பிளக்கை எஞ்சினின் மேல் வைத்துப் பொறியைப் பார்க்கும் பழைய வழக்கத்தில் உள்ள குறையும் இதனால்தான் நீங்குகிறது. வாயுவின் அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாவத் தேவையான வோல்டேஜும் கூடும்; எனவே வெளியே 0.6 மில்லிமீட்டரை எளிதாகத் தாவும் பொறி, சிலிண்டருக்குள் பலமடங்கு அழுத்தத்தில் தாவாமல் போகலாம். அந்தச் சுமைக்கு ஈடாகத் திறந்த வெளியில் நீண்ட இடைவெளியைக் கொடுத்துச் சோதிப்பதே இக்கருவியின் தத்துவம். பாயின்ட் வைத்த அமைப்பில் 6 மில்லிமீட்டரைத் தடுமாறாமல், நீலநிறத்தில், சடசடவென்ற ஒலியோடு தாவினால் நான் திருப்தி அடைவேன். 10 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கக் கூடாது. வெளியே தாவ வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலின் உட்காப்பையோ ரோட்டரையோ (டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழன்று பொறியைப் பகிரும் பாகம்) துளைத்துக்கொண்டு வழி தேடும்.

இதை முதலில் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குப் போகும் தடித்த வயரிலும், பிறகு ஏதேனும் ஒரு பிளக் வயரிலும் மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். நடுவயரில் நன்றாகத் தாவி, பிளக் வயரில் தாவாவிட்டால் கோளாறு மூடியிலோ ரோட்டரிலோ இருக்கிறது. ரோட்டரின் பித்தளைப் பட்டையைப் பிடித்திருக்கும் ஆணியின் வழியே கரண்ட் கீழே உள்ள தண்டுக்கு இறங்கிவிடுவது பழைய கார்களில் அடிக்கடி காணப்படும் நோய். அதுவும் சூட்டில்தான் தலைகாட்டும். இரண்டு இடத்திலும் வலுவற்றிருந்தால் காயில், கன்டென்சர், பாயின்ட் ஆகிய மூன்றில் ஒன்று. இந்தப் பிரிப்பைக் கையேடு ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

பாதிவழியில் நிற்கும்வரை காத்திருக்காமல், நின்ற இடத்திலேயே கோளாற்றை வரவழைக்க முடிவு செய்தேன். நன்றாகக் காற்றோட்டமுள்ள திறந்தவெளியில் காரை நிறுத்தி, பானெட்டை மூடி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டேன். மூடிய இடத்தில் இதைச் செய்வது உயிருக்கு ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முன்னதாகவே ஆறிய எஞ்சினில் அளவெடுத்து வைத்திருந்தேன்: நடுவயரில் 9 மில்லிமீட்டர் வரை தாவியது. முப்பத்துநான்காவது நிமிடத்தில் எஞ்சின் நின்றது. திணறவில்லை, மூச்சு வாங்கவில்லை, யாரோ சாவியை அணைத்ததுபோல் நின்றது. பெட்ரோல் தீர்ந்து நிற்கும் எஞ்சின் சில நொடிகளாவது தள்ளாடி, வலு குறைந்து, ஒன்றிரண்டு முறை பிடித்து, பிறகே அடங்கும். மின்சாரம் போனால் ஒரே வெட்டு. இந்த வேறுபாட்டைக் கவனிக்கக் கருவியே தேவையில்லை, காது போதும்.

அடுத்த இரண்டு நிமிடங்களில் கிடைத்தவை இவை. பிளஸ் முனையில் விளக்கு முழு ஒளியில் எரிந்தது; மைனஸ் முனையில் ஒழுங்காகச் சிமிட்டியது. ஆகவே சாவியும் வயரும் பாயின்ட்டும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. டெஸ்டரை நடுவயரில் 6 மில்லிமீட்டருக்கு வைத்தபோது ஒன்றுமே தாவவில்லை. 4-க்குக் குறைத்தும் இல்லை. 2 மில்லிமீட்டருக்கு வந்த பிறகே மஞ்சள்நிறத்தில், நூல்போல், விட்டுவிட்டு ஒரு பொறி தெரிந்தது. நியானை மாட்டியிருந்தால் அது இப்போதும் அழகாகச் சிமிட்டியிருக்கும்.

வலுவற்ற பொறி என்றால் காயிலை மாற்றுக என்கிறது கையேடு. இங்கேதான் அதன் இரண்டாவது பெரிய தவறு. சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் பெட்ரோல் கார்களில் நிலைத்துநின்ற இந்த அமைப்பில் காயில் தனியாக எதையும் செய்வதில்லை. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் ஏறத்தாழ 4 ஆம்பியர் கரண்ட் ஓடிக் காந்தப்புலத்தை நிரப்புகிறது. பாயின்ட் திறந்ததும் அந்தப் புலம் எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு உயர்ந்த வோல்டேஜ் பிறக்கிறது. கன்டென்சர் இல்லாவிட்டால் பாயின்ட் திறக்கும் இடைவெளியிலேயே கரண்ட் பொறியாகத் தாவி ஓடிக்கொண்டிருக்கும். புலம் மெல்லச் சரியும். காயிலின் உழைப்பெல்லாம் பாயின்ட்டைக் கருக்குவதில் செலவாகிவிடும். ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட் அளவே உள்ள, சுண்டுவிரல் நுனியளவு உருளை ஒன்று, திறக்கும் கணத்தில் அந்தக் கரண்டைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு வெட்டைக் கூர்மையாக்குகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒரு நொடிக்கு நூறு முறை இந்த வேலையை, அதுவும் சுடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு செய்கிறது. அதன் உள்ளே சுருட்டப்பட்ட படலத்தின் முனையில் இணைப்பு தளர்ந்திருந்தால், ஆறிய நிலையில் ஒட்டிக்கொண்டும் சூட்டில் விரிந்து விலகியும் விளையாடும். மூன்றாண்டுகளுக்கு முன் புதிதாகப் போட்ட கன்டென்சர் என்பதால் அதன்மீது எனக்குச் சந்தேகமே எழவில்லை. இப்போது கிடைக்கும் மறுதயாரிப்புக் கன்டென்சர்களின் தரத்தைப் பற்றிப் பழைய கார் வைத்திருப்போர் புலம்புவதைக் கேட்டிருந்தும், புதியது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எளிதில் போவதில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயின்ட்டைக் கையால் அசைத்தபோது அங்கே வெண்ணிறப் பொறி பளிச்சிட்டது. இயல்பாக அது மங்கலாகவே இருக்க வேண்டும். வேறொரு கன்டென்சரை எடுத்து, பழையதைக் கழற்றாமலே, காயிலின் மைனஸ் முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே இரண்டு முதலைக் கிளிப்புகளால் இணைத்தேன். பழைய கன்டென்சர் உள்ளே திறந்துபோயிருந்தால் மட்டுமே இந்தக் குறுக்குவழி பலிக்கும். ஷார்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றியே தீர வேண்டும். டெஸ்டரில் பொறி மீண்டும் 9 மில்லிமீட்டரை நீலமாகத் தாவியது. வயர்களைப் பழையபடி மாட்டிச் சாவியைத் திருகினேன். கார் நின்று பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில், அதே சூட்டில், எஞ்சின் கிளம்பியது. ஆறியதால் கிளம்பியது என்று சொல்ல இம்முறை இடமில்லை. பின்னர் பழையதைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தபோது ஆறிய நிலையில் 0.22 மைக்ரோஃபாரட் காட்டியது. முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றியபோது அளவு குதித்துக் குதித்து, ஒரு கட்டத்தில் பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

காயிலையும் விட்டுவைக்காமல் அளந்தேன். முதன்மைச் சுற்றின் தடை ஆறியிருக்கும்போது 3.1 ஓம், சூட்டில் 3.8 ஓம். ஏறியிருக்கிறதே என்று முதலில் திடுக்கிட்டாலும், செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.39 பங்கு கூடும் என்பதைக் கொண்டு கணக்கிட்டால் அறுபது டிகிரி உயர்வுக்கு இவ்வளவு ஏறுவது இயற்கையே. தொட முடியாத அளவு காயில் சுடுவதைப் பார்த்து அதைத் தூக்கி எறிபவர்கள் பலர். சுடுவது அதன் இயல்பு. இரண்டு சூட்டிலும் அளந்து, கணக்குக்கு மீறி ஏறினாலோ அறுந்தாற்போல் காட்டினாலோ மட்டுமே குறை சொல்லலாம். மல்டிமீட்டர் இப்பெட்டியில் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

பெட்ரோல் கேஜைப் பற்றி எனக்குக் கலவையான கருத்தே உண்டு. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே குழாயை வெட்டி டி-இணைப்பைப் பொருத்த வேண்டும் என்பதால், நின்ற இடத்தில் மாட்டக்கூடிய கருவி அன்று. மெக்கானிக்கல் பம்புகள் பலவற்றில் 0.2 முதல் 0.35 பார் வரையே அழுத்தம் இருக்கும். அந்த எல்லையில் தெளிவாகப் படிக்கும்படி முகப்பு அமைந்திருப்பது நன்று. என் காரில் அது காட்டியதெல்லாம் பம்பின்மேல் வைத்த பழி பொய் என்பதுதான். நண்பர் ஒருவரின் காரில் ஒரு முறை உண்மையாகவே பயன்பட்டது. அது நெடுந்தூரம் ஓடிய பிறகு மெல்ல மெல்ல வலுவிழந்து நிற்கும். கேஜைப் பொருத்தி ஓட்டி, நின்றதும் பானெட்டைத் திறந்து பார்த்தபோது முள் பூஜ்யத்தில் கிடந்தது. டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஒலி கேட்டது. அதன்பின் சில சுழற்சிகளில் முள் ஏறி எஞ்சினும் கிளம்பிவிட்டது. மூடியில் காற்று உள்ளே வரும் துளை அடைபட்டிருந்ததால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பின் இழுப்பைத் தோற்கடித்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் பம்பை மாற்றுக என்று மட்டும் சொல்லும் கையேட்டை நம்பியிருந்தால் அவருக்கும் ஒரு பம்ப் செலவாகியிருக்கும். டேங்கின் அடியில் உள்ள துரு உறிஞ்சுகுழாயின் வாயை அடைத்து, எஞ்சின் நின்றதும் மீண்டும் அடியில் படிந்துவிடுவதும், எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய ரப்பர் குழாய் உட்புறம் மெத்தென்றாகி இழுப்பில் ஒட்டிக்கொள்வதும் இதே முகத்தைக் காட்டும். கேஜ் இவற்றைப் பிரித்துச் சொல்லாது.

மற்றொரு காரில் டெஸ்ட் லாம்பே வேலையை முடித்தது. செல்ஃப் சுழலும்போது எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்டதும் அணைந்துவிடும். விளக்கைப் பிளஸ் முனையில் மாட்டிப் பார்த்தால் செல்ஃப் சுழலும்போது எரிந்து, சாவி ஓட்டநிலைக்குத் திரும்பியதும் இருண்டது. காயிலுக்கு முன்னால் கரண்டைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருந்தது. செல்ஃப் சுழலும்போது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு நேர்வழியில் கரண்ட் வரும்படி அமைப்பு இருப்பதால்தான் இந்தக் கண்ணாமூச்சி.

பாதுகாப்பைப் பொறுத்தவரை தயாரிப்பாளரை மன்னிக்க முடியவில்லை. திறந்த காற்றில் பொறி தாவும் கருவியையும், பெட்ரோல் குழாயை வெட்டிப் பொருத்தும் கருவியையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று கையேட்டில் ஓரிடத்திலும் எழுதவில்லை. குழாய் திறந்திருக்கும்போதோ பெட்ரோல் வாடை இருக்கும்போதோ ஸ்பார்க் டெஸ்டரை எடுக்கவே கூடாது. எடுக்கும்போதும் கார்புரேட்டரிலிருந்து இயன்ற அளவு தொலைவில் மாட்ட வேண்டும். கேஜோடு வரும் கிளாம்ப்புகள் சூட்டில் தளர்ந்து கசிகின்றன. நான் தரமானவற்றை வாங்கிப் போட்டேன். பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் இயங்கும் இக்னிஷனில் கைவைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இல்லை. ஸ்பார்க் டெஸ்டரின் அளவுகோல் அரை மில்லிமீட்டர் பிசகுகிறது, ஆயினும் ஆறிய நிலையோடு சூட்டுநிலையை ஒப்பிடுவதே நோக்கம் என்பதால் அது பெரிய குறை அன்று.

பெட்டியாக வாங்கினால் பத்துக்கு ஆறு கொடுப்பேன். பாயின்ட் வைத்த கார் உள்ளவர்கள் இழை பல்பு டெஸ்ட் லாம்பையும், இடைவெளி மாற்றும் ஸ்பார்க் டெஸ்டரையும் தனித்தனியாக வாங்கி, மிச்சமாகும் தொகைக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளலாம். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் பொருத்தியவர்களுக்கு டெஸ்ட் லாம்ப் சோதனையைச் செய்வதற்கு முன் அந்த மாட்யூலின் குறிப்பைப் படிப்பது நல்லது; சூட்டில் நின்று ஆறியபின் கிளம்பும் பழக்கம் அந்த மாட்யூல்களுக்கும் உண்டு, ஆனால் அவற்றைச் சாலையோரத்தில் மாற்றிப் பார்க்க உதிரி மாட்யூல் கையில் இருக்க வேண்டும்.

கன்டென்சரை மாற்றியபின் என் கார் ஒரு முறைகூட அப்படி நிற்கவில்லை. பெட்டி இப்போதும் டிக்கியில்தான் இருக்கிறது. நியான் விளக்கு கிடந்த பள்ளத்தில், அது எடுத்துக்கொண்ட இடத்தில் பாதிகூட நிரப்பாமல், சோதித்துப் பார்த்த உதிரி கன்டென்சர் ஒன்று படுத்திருக்கிறது.